கேமரா பட்டன்களை உங்க கைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிறது எப்படி?

புதுசா கேமரா வாங்கினவங்கள்ல பல பேர் தொடாமலே விடுற வேலை இது. பாடி மேல சி1, சி2ன்னோ எஃப்என்1, எஃப்என்2ன்னோ எழுதி நாலஞ்சு பட்டன் இருக்கும், கம்பெனியே அதுக்கு ஏதோ ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பியிருக்கும், ஒரு தடவை அமுக்கிப் பார்ப்போம், என்னவோ ஒரு லிஸ்ட் வரும், சரின்னு விட்டுடுவோம். அப்புறம் ஃபோகஸ் ஏரியா மாத்தணும்னாலும் மெனு, கண்ணைக் கண்டுபிடிக்கிற செட்டிங் வேணும்னாலும் மெனு, சத்தமில்லாத ஷட்டர் வேணும்னாலும் மெனு. நாலு பக்கம் தள்ளி, ரெண்டு தடவை ஓகே கொடுத்து நிமிர்ந்து பார்த்தா எதிர்ல இருந்த பறவையும் இல்ல, சிரிச்சிட்டு இருந்த குழந்தையும் இல்ல.

வியூஃபைண்டர்ல இருந்து கண்ணை எடுக்காம எதை மாத்தணுமோ அதுக்கு மட்டும்தான் பட்டன். கேமராவை இறக்கி ரெண்டு செகண்ட் பார்த்து மாத்தினாப் போதும்கிறதுக்கு குயிக் மெனு (ஒரு பட்டனை அமுக்கினா ஸ்கிரீன்ல வர்ற சின்னக் கட்டம் போட்ட மெனு). மாசத்துக்கு ஒரு தடவை தொடுறதுக்கு மை மெனு (நாமளே சேர்த்து வச்சுக்கிற சொந்த லிஸ்ட்). இந்தக் கணக்கு புரிஞ்சா எந்த பிராண்டா இருந்தாலும் செட் பண்ணிடலாம். இதை யோசிக்காம, யாரோ ஒருத்தர் வீடியோவுல சொன்ன செட்டப்பை அப்படியே காப்பி அடிச்சா, அவர் எடுக்குறது கல்யாணமா இருக்கும் நீங்க எடுக்குறது பூச்சியா இருக்கும், ஒண்ணும் ஒத்து வராது.

முதல்ல கேமராவைத் தொடாதீங்க, லிஸ்ட் போடுங்க

ஒரு வாரம் வழக்கம் போல படம் எடுங்க. எடுக்குறப்ப எதுக்கெல்லாம் மெனுவுக்குள்ள போறீங்கன்னு போன்ல குறிச்சுக்கோங்க, அவ்வளவுதான். “ஐஎஸ்ஓ, ஐஎஸ்ஓ, ஃபோகஸ் ஏரியா, ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் ஏரியா”ன்னு வரும் (ஐஎஸ்ஓன்னா வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டணும்கிறது, ஒயிட் பேலன்ஸ்னா கலரைச் சரி பண்றது). எது திரும்பத் திரும்ப வருதோ அதுதான் பட்டனுக்குப் போகவேண்டிய ஆள். ஒரே தடவை வந்தது, ஃபார்மட் மாதிரி, வைஃபை மாதிரி, அதெல்லாம் மை மெனுவுல கிடக்கட்டும்.

இன்னொரு விஷயமும் பார்த்துக்கோங்க. நீங்க தேடிப் போறதுல சிலதுக்கு ஏற்கெனவே பட்டன் இருக்கும். பின்னாடி இருக்குற நாலு திசை சக்கரத்துல பல கேமராவுல ஐஎஸ்ஓ, டிரைவ் மோட் (ஒத்தைப் படமா, வரிசையாவான்னு சொல்றது), டிஸ்ப்ளேன்னு சின்னச் சின்னதா எழுதியிருப்பாங்க, அதைக் கவனிக்காம சி1ல மறுபடியும் ஐஎஸ்ஓவைப் போட்டு ஒரு பட்டனை வீணாக்குறவங்க நிறைய. ஆனா அந்தச் சக்கரத்தைத் தொட கட்டைவிரலை ரொம்பக் கீழ இறக்க வேண்டியிருந்தா, மேல ஒரு பட்டனுக்கு மாத்துறதுல தப்பே இல்ல. அதுக்குத்தான் அடுத்த ஸ்டெப்.

விரல் எங்கெல்லாம் எட்டுது

கேமராவை ஆன் பண்ணி, நீங்க வழக்கமா போடுற லென்ஸை மாட்டி, கண்ணுல வச்சுப் பிடிங்க. சும்மா கையில வச்சுப் பார்த்தா சரியா தெரியாது, கண்ணுல வைக்கிறப்ப மூக்கும் கன்னமும் பின்பக்கத்துல இடிக்கும், கட்டைவிரலுக்கு இருக்குற இடமே மாறிடும். இப்ப ஆள்காட்டி விரலை ஷட்டர் மேல வச்சுக்கிட்டே கட்டைவிரல் எங்கெல்லாம் போகுதுன்னு தடவிப் பாருங்க. பொதுவா ஏஎஃப்-ஆன் பட்டன் (அமுக்கினா ஃபோகஸ் ஆகுறது) அப்படியே விரலுக்கு அடியில இருக்கும், அதுக்குப் பக்கத்துல ஏஇ லாக் பட்டன் (எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை, மாறாம பூட்டுறது), கொஞ்சம் கீழ ஜாய்ஸ்டிக். இது மூணும்தான் முதல் தர இடம்.

அடுத்தது ஷட்டருக்குப் பின்னாடி மேல்தட்டுல இருக்குற ஒண்ணு ரெண்டு பட்டன். இதை அமுக்க ஆள்காட்டி விரலை ஷட்டரை விட்டு எடுக்கணும், அதனால படம் எடுத்துட்டு இருக்கும்போதே அமுக்க வேண்டிய வேலையை இங்க வைக்காதீங்க. எடுக்குறதுக்கு முன்னாடி மாத்துறது, ஐஎஸ்ஓ மாதிரி ஒயிட் பேலன்ஸ் மாதிரி, இங்க நல்லா உக்காரும். சில கேமராவுல லென்ஸ் மவுண்ட் பக்கத்துல, கைப்பிடிக்கு உள்பக்கமா ஒண்ணு ரெண்டு பட்டன் ஒளிஞ்சிருக்கும், நடுவிரலும் மோதிர விரலும் தன்னால அங்க போய் நிக்கும். முன்னாடி இதுல டெப்த் ஆஃப் ஃபீல்டு ப்ரிவியூதான் (எதுவரைக்கும் ஷார்ப்பா வரும்னு முன்கூட்டியே காட்டுறது) இருக்கும். நான் பார்த்த வரைக்கும் மொத்த பாடியிலேயே ரொம்ப வீணா கிடக்குற நல்ல இடம் இதுதான், ஷட்டரையும் விடவேண்டாம் கட்டைவிரலையும் நகர்த்த வேண்டாம், ஆனா யாரும் இதை மாத்துறதே இல்ல.

லென்ஸ் பீப்பாய் மேல ஒரு பட்டன் இருந்தா அது இடது கட்டைவிரலுக்கு. கம்பெனியிலிருந்து வர்றப்ப பெரும்பாலும் ஃபோகஸ் ஹோல்டுதான் (ஃபோகஸை நகராம நிறுத்தி வைக்கிறது) கொடுத்திருப்பாங்க. பல பாடியில இதையும் மாத்தலாம், பாடியோட மெனுவுலதான் இருக்கும், லென்ஸ்ல தேடாதீங்க.

இடதுபக்கம் பின்னாடி இருக்குற மெனு, குப்பைத்தொட்டி பட்டன் பக்கம்லாம் கடைசி. கண்ணுல வச்சுக்கிட்டு அங்க போக இடது கையை லென்ஸ்ல இருந்து எடுக்கணும். பிளேபேக் வேலைக்கு மட்டும் அதை வச்சுக்கலாம்.

மெனுவுல இது எங்க இருக்கும்

பிராண்டுக்கு பிராண்டு பேர்தான் வேற, வேலை ஒண்ணுதான். மாடலுக்கு ஏத்த மாதிரி ஒரு பக்கம் முன்ன பின்ன இருக்கும், அதைப் பெருசா எடுத்துக்காதீங்க.

சோனியில புது மெனுவா இருந்தா ஆப்பரேஷன் கஸ்டமைஸ்னு ஒரு தலைப்பு இருக்கும், அதுக்குள்ள கஸ்டம் கீ. பழைய மெனுவா இருந்தா கஸ்டம் கீன்னே தேடுங்க. ஸ்டில்லுக்கு ஒண்ணு, மூவிக்கு ஒண்ணு, பிளேபேக்குக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும். எஃப்என் பட்டனை அமுக்கினா வர்ற மெனுவுல 12 கட்டம், அதையும் அங்கேயே மாத்தலாம்.

கேனான்ல ஆரஞ்சு கலர்ல இருக்குற கஸ்டம் ஃபங்ஷன் டேப்ல கஸ்டமைஸ் பட்டன்ஸ். கேமரா படமே ஸ்கிரீன்ல வரும், எந்தப் பட்டன்ல நிக்கிறீங்களோ அது படத்துல காட்டும், புதுசா வர்றவங்களுக்கு இது ரொம்ப சௌகரியம். பழைய டிஎஸ்எல்ஆர்ல கஸ்டம் கண்ட்ரோல்ஸ்னு பேரு.

நிக்கான்ல பென்சில் படம் போட்ட கஸ்டம் செட்டிங்ஸ் மெனு, அதுல எஃப் குரூப். இசட் வரிசையில ஐ மெனுவோட 12 கட்டமும் அங்கேயே இருக்கு, பட்டனோட வேலையும் அங்கேயே இருக்கு.

ஃபூஜியில மெனுவுக்கே போகவேண்டாம், டிஸ்ப் பேக் பட்டனை அமுக்கிப் பிடிச்சா நேரா எஃப்என் செட்டிங் பக்கம் வந்துடும். க்யூ பட்டனை அமுக்கிப் பிடிச்சா க்யூ மெனுவை மாத்துற பக்கம். இது தெரியாம ஃபூஜிகாரங்க ஸ்பேனர் மெனுவுக்குள்ள பட்டன் டயல் செட்டிங்னு போய் சுத்திட்டு இருப்பாங்க.

பானசோனிக்ல கஸ்டம் மெனு, அதுல ஆப்பரேஷன், அதுல எஃப்என் பட்டன் செட். ஓஎம் சிஸ்டம், பழைய ஒலிம்பஸ் ரெண்டுலயும் பல்சக்கரம் போட்ட மெனுவுல பட்டன் ஃபங்ஷன் இல்லாட்டி பட்டன் செட்டிங்ஸ்.

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை: இப்ப இருக்குற பட்டன் பக்கத்தை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஏதாவது குழம்பிப்போச்சுன்னா மொத்தமா ரீசெட் பண்ணாம அந்த ஒரு பட்டனை மட்டும் பழையபடி வச்சுக்கலாம்.

முதல் பட்டன்: பேக் பட்டன் ஃபோகஸ்

எல்லாரும் சொல்ற விஷயம் இது, அதனால கொஞ்சம் நிதானமாவே பார்ப்போம். வழக்கமா ஷட்டரைப் பாதி அமுக்கினா ஃபோகஸ் ஆகும், முழுசா அமுக்கினா படம் எடுக்கும், ஒரே பட்டனுக்கு ரெண்டு வேலை. இதுல ஃபோகஸை மட்டும் பிரிச்சு கட்டைவிரலுக்குக் கொடுத்துடுறதுதான் பேக் பட்டன் ஃபோகஸ். இது ஒண்ணும் மிர்ரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத இப்பத்திய கேமரா) வந்தப்புறம் வந்த புதுசு இல்ல, கேனான் 1989ல ஈஓஎஸ் 630ங்கிற ஃபிலிம் கேமராவுலேயே கஸ்டம் ஃபங்ஷனா இதைக் கொடுத்துட்டாங்க.

இதுல என்ன லாபம்னா, ஃபோகஸ் மோடைக் கன்டினியுவஸ்ல, அதாவது ஏஎஃப்-சியில (கேனான்ல சர்வோ) வச்சுட்டா அப்புறம் மாத்தவே வேண்டாம். ஓடுற ஆளை எடுக்கணுமா, கட்டைவிரலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே எடுங்க, ஃபோகஸ் துரத்திக்கிட்டே இருக்கும். நிக்கிற ஆளா, ஒரு தடவை அமுக்கி ஃபோகஸ் பண்ணிட்டு விரலை எடுத்துடுங்க, ஃபோகஸ் அங்கேயே நின்னுடும், எத்தனை தடவை ஷட்டரை அமுக்கினாலும் மறுபடி தேடாது. ட்ரைபாட்ல வச்சு லேண்ட்ஸ்கேப் எடுக்குறவங்களுக்கும் கம்பிக்குப் பின்னாடி இருக்குற மிருகத்தை எடுக்குறவங்களுக்கும் இது பெரிய நிம்மதி.

செய்யுறதுக்கு ரெண்டு ஸ்டெப், ரெண்டையும் செய்யணும். ஒண்ணு, பின்னாடி இருக்குற பட்டனுக்கு ஏஎஃப்-ஆன் வேலையைக் கொடுக்குறது. அந்தப் பேர்லயே பட்டன் இருந்தா ஏற்கெனவே கொடுத்திருக்கும். இல்லாத பாடியில ஏஇ லாக் பட்டனை அதுக்கு மாத்திக்கோங்க. ரெண்டாவது, ஷட்டர்ல இருந்து ஃபோகஸைப் பிடுங்குறது. சோனியில ஏஎஃப் வித் ஷட்டரை ஆஃப் பண்ணுங்க. நிக்கான்ல ஏ குரூப்ல ஏஎஃப் ஆக்டிவேஷன்னு இருக்கும், ஏஎஃப்-ஆன் ஒன்லி கொடுங்க. கேனான்ல அதே பட்டன் கஸ்டமைஸ் பக்கத்துல ஷட்டர் ஹாஃப் பிரஸ்ஸுக்கு மீட்டரிங் ஸ்டார்ட் மட்டும். ஃபூஜியில பட்டன் டயல் செட்டிங்ல ஷட்டர் ஏஎஃப் ஆஃப். முதல் ஸ்டெப்பை மட்டும் செஞ்சுட்டு ரெண்டாவதை விட்டுட்டா, பின்னாடி அமுக்கி ஃபோகஸ் பண்ணது ஷட்டரை அமுக்கினவுடனே மறுபடியும் ஓடிப்போய் வேற இடத்துல நிக்கும், “இதெல்லாம் சும்மா”ன்னு தூக்கிப் போட்டுடுவீங்க.

இது எல்லாருக்கும் கட்டாயமான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்லுவேன். இப்ப வர்ற கேமரா கண்ணைத் தானே கண்டுபிடிச்சு ஃப்ரேம் முழுக்கத் துரத்துது, ஆளுங்களை மட்டும் எடுக்குறவங்களுக்கு ஷட்டர்லயே ஃபோகஸ் இருந்தாலும் ஒரு குறையும் வராது. கை சின்னதா இருக்குறவங்களுக்கு ஒரு நாள் முழுக்க கட்டைவிரலை அமுக்கிப் பிடிக்கிறது வலிக்கவும் செய்யும். இன்னொண்ணு, பழகுற வரைக்கும் பின்னாடி அமுக்க மறந்துட்டு ஷட்டரை மட்டும் அமுக்குவீங்க, பெரும்பாலும் கேமரா ஒரு வார்த்தை சொல்லாம அவுட் ஆஃப் ஃபோகஸ்ல வரிசையா எடுத்துத் தள்ளிடும். அதனால முக்கியமான ஃபங்ஷனுக்கு முந்தின நாள் இதை மாத்தாதீங்க, நேரம் இருக்குற சமயத்துல மாத்தி ரெண்டு வாரம் பழகுங்க.

பழகினப்புறம் இதோட அடுத்த கட்டம் ஒண்ணு இருக்கு, ரெண்டு பட்டன்ல ரெண்டு விதமான ஃபோகஸ். ஏஎஃப்-ஆன்ல ஒரு சின்னப் புள்ளி மட்டும், பக்கத்துல இருக்குற ஏஇ லாக் பட்டன்ல கண்ணைக் கண்டுபிடிச்சுத் துரத்துற ஃபோகஸ். கேனான்ல ரெண்டாவதுக்கு ஐ டிடெக்ஷன் ஏஎஃப் கொடுக்கலாம், நிக்கான்ல ஏஎஃப் ஏரியா மோட் பிளஸ் ஏஎஃப்-ஆன்னு இருக்கும், சோனியில ட்ராக்கிங் ஆன் பிளஸ் ஏஎஃப்-ஆன் இருக்கும். கிளைகளுக்கு நடுவுல உக்காந்திருக்குற பறவையை முதல்ல புள்ளியால குத்திப் பிடிச்சுட்டு, அது கிளையை விட்டு வெளிய வந்தவுடனே கட்டைவிரலை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினா போதும், மெனுவும் இல்ல டயலும் இல்ல. பறவை எடுக்குறவங்க இந்த செட்டப்பை ஒரு தடவை பழகிட்டா பழையபடி திரும்பவே மாட்டாங்க.

மத்த பட்டனுக்கு என்ன கொடுக்கலாம்

இங்க உங்க லிஸ்ட்தான் பேசணும், இருந்தாலும் நிறைய பேருக்கு உபயோகப்படுற சிலதைச் சொல்றேன்.

ஐஎஸ்ஓ. ரெண்டு டயல் இருக்குற பாடியில ஒண்ணு ஷட்டர் ஸ்பீடுக்கும் ஒண்ணு அப்பர்ச்சருக்கும் போயிடும், மூணாவதா ஒரு டயல் இருந்தா ஐஎஸ்ஓவை அங்க வைங்க, இல்லாட்டி மேல்தட்டு பட்டன். லென்ஸ்ல கண்ட்ரோல் ரிங் இருந்தா அதுக்கும் கொடுக்கலாம்தான், ஆனா லென்ஸைத் தாங்கிப் பிடிக்கிறப்ப தெரியாம சுத்திடும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தை வெளிச்சமாவோ இருட்டாவோ தள்ளுறது) அதுல வச்சுட்டு படம் ஏன் இருட்டா வருதுன்னு மண்டையைப் பிச்சுக்குறவங்க ஏராளம். அப்படி ஆனா அந்த ரிங்குக்கு எந்த வேலையும் கொடுக்காதீங்க.

ஃபிளாஷ் வச்சு எடுக்குறவங்க கட்டாயம் வைக்க வேண்டியது ஒண்ணு. மிர்ரர்லெஸ் கேமரா நீங்க வச்சிருக்குற எக்ஸ்போஷர் எப்படி வருமோ அப்படியே வியூஃபைண்டர்ல காட்டும். ரூமுக்குள்ள 1/160, எஃப்8, ஐஎஸ்ஓ 100ன்னு ஃபிளாஷுக்காக வச்சா அது கும்மிருட்டாத்தான் காட்டும், ஏன்னா ஃபிளாஷ் இன்னும் அடிக்கலையே. ஒரிஜினல் ஃபிளாஷைத் தலையில மாட்டினா பல கேமரா தானே புரிஞ்சுக்கிட்டு வெளிச்சமா காட்டும், ஆனா நடுவுல ஒரே ஒரு முள்ளு மட்டும் இருக்குற சாதாரண ட்ரிக்கர் மாட்டினா அதுக்கு ஃபிளாஷ் இருக்குறதே தெரியாது. அப்ப இந்த ப்ரிவியூவை ஆஃப் பண்ணணும். சோனியில இதுக்கு செட்டிங் எஃபெக்ட், கேனான்ல எக்ஸ்போஷர் சிமுலேஷன், ஃபூஜியில மேனுவல் மோட்ல ப்ரிவியூ எக்ஸ்போஷர்னு பேரு. வெளிய போய் ஃபிளாஷ் இல்லாம எடுக்குறப்ப திரும்ப ஆன் பண்ணணும், அதனாலதான் பட்டன். இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் மெனுவுக்குள்ள போய்த் தேடணும்.

மேனுவல் லென்ஸ் போடுறவங்களுக்கு ஃபோகஸ் மேக்னிஃபையர். காண்டாக்ட் இல்லாத பழைய லென்ஸ்ல ரிங்கைச் சுத்தினா கேமராவுக்குத் தெரியாது, தானா பெருசு பண்ணிக் காட்டாது, நாமதான் அமுக்கிக் கேக்கணும். ஏஎஃப்-ஆனுக்கு இந்த லென்ஸ்ல வேலையே இல்லைங்கிறதால அதையே இதுக்குக் கொடுத்துடலாம்.

ஃபுல் ஃப்ரேம் வச்சிருந்தா க்ராப் மோட். தூரத்துல இருக்குறதைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வந்து ஃப்ரேம் பண்ணலாம், ஃபைலும் சின்னதாகும். ஆனா இது ஜூம் இல்ல, ஓரத்தை வெட்டுறதுதான். 1.5 மடங்கு க்ராப்ல 24 மெகாபிக்சல் கேமரா 10 மெகாபிக்சல் பக்கம் இறங்கிடும், 61 மெகாபிக்சல் பாடியா இருந்தா 26 வரைக்கும் நிக்கும். அதனால அதிக மெகாபிக்சல் வச்சிருக்குறவங்களுக்கு இது நல்ல பட்டன், 24 வச்சிருக்குறவங்க அப்புறமா கம்ப்யூட்டர்ல வெட்டிக்கலாம்னு விட்டுடலாம்.

சைலண்ட் ஷட்டர், மேடை நிகழ்ச்சிக்கும் தூங்குற குழந்தைக்கும். இது குயிக் மெனுவுல இருந்தாலும் போதும். எந்தப் பிராணியைத் தேடணும்னு சொல்ற சப்ஜெக்ட் டிடெக்ஷன், மனுஷங்களையும் நாய் பூனை பறவையையும் மாத்தி மாத்தி எடுக்குறவங்களுக்கு மட்டும் பட்டன்ல வைங்க. ஒயிட் பேலன்ஸ், ராவ்ல (கேமரா மெருகேத்தாத ஒரிஜினல் ஃபைல்) எடுத்தா பட்டனுக்குத் தேவையே இல்ல.

அப்புறம், எந்த வேலையும் கொடுக்காம விடுறதும் ஒரு செட்டிங்தான். கை பட்டு அடிக்கடி அமுங்குற பட்டன் ஒண்ணு எல்லா பாடியிலயும் இருக்கும், முக்கியமா சிவப்புப் புள்ளி போட்ட வீடியோ பட்டன். நிறைய கேமராவுல போட்டோ மோட்ல அதுக்கு வேற வேலை கொடுக்கலாம், இல்லாட்டி எதுவும் வேண்டாம்னு வச்சுடலாம். டச் ஸ்கிரீனும் அப்படித்தான், இடது கண்ணால பார்க்குறவங்களுக்கு மூக்கு பட்டு ஃபோகஸ் பாயிண்ட் எங்கேயோ ஓடிடும். டச் ஏரியாவை மூக்கு படாத பாதிக்கு மட்டும் குறைக்கிற வசதி இருந்தா வைங்க, இல்லைன்னா ஆஃப்.

ஹோல்டா, டாகிளா?

பட்டனுக்கு வேலை கொடுக்குறப்ப சிலதுக்கு ரெண்டு விதமா பேர் வரும், ஏஇ லாக் ஹோல்டு, ஏஇ லாக் டாகிள்னு. புதுசா வர்றவங்க பலர் இதைக் கவனிக்காம மேல இருக்குறதைத் தேர்ந்தெடுத்துட்டுப் போயிடுவாங்க. ஹோல்டுன்னா அமுக்கிப் பிடிச்சிருக்குற வரைக்கும்தான், விட்டா பழையபடி ஆயிடும். டாகிள்னா ஒரு தடவை அமுக்கினா ஆன், இன்னொரு தடவை அமுக்கினா ஆஃப்.

என் பேச்சைக் கேட்டா, முடிஞ்ச வரைக்கும் ஹோல்டே வைங்க. டாகிள்ல இருக்குற தொல்லை என்னன்னா ஆன்ல விட்டுட்டு மறந்துடுவோம், வியூஃபைண்டர் ஓரத்துல ஒரு குட்டி நட்சத்திரம் மட்டும் எரிஞ்சுட்டு இருக்கும், அதை யார் பார்க்குறா. வெளிச்சம் மாறினாலும் எக்ஸ்போஷர் மாறாம அடுத்த இருபது படமும் அப்படியே போகும். ஹோல்டுல அந்தப் பயம் இல்ல, விரலை எடுத்தா எல்லாம் சரியாயிடும். டாகிள் எதுக்கு நல்லதுன்னா ரொம்ப நேரம் அப்படியே இருக்கணும்கிறதுக்கு, பனோரமாவுக்கு எக்ஸ்போஷரைப் பூட்டி வைக்கிறது, மேல சொன்ன ஃபிளாஷ் ப்ரிவியூ, க்ராப் மோட், இதெல்லாம்.

இந்த ஹோல்டுலயே பெரிய கை ஒண்ணு இருக்கு. ஷட்டர் ஸ்பீடு, ஃபோகஸ் ஏரியா, டிரைவ்னு ஒரு கொத்து செட்டிங்கை மொத்தமா பதிஞ்சு வச்சுட்டு, ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சா அது எல்லாம் ஒரே நேரத்துல வர்ற மாதிரி வைக்கலாம். சோனியில ரீகால் கஸ்டம் ஹோல்டு, நிக்கானோட மேல்நிலை பாடிகள்ல ரீகால் ஷூட்டிங் ஃபங்ஷன்ஸ், கேனான்ல ரெஜிஸ்டர் ரீகால் ஷூட்டிங் ஃபங்ஷன். கிளையில சும்மா உக்காந்திருக்குற பறவைக்கு 1/250, சின்னப் புள்ளி ஃபோகஸ், ஐஎஸ்ஓவும் கம்மியா இருக்கும். அது றெக்கையை விரிச்சவுடனே பட்டனை அமுக்கிப் பிடிச்சா 1/2000, பெரிய ஃபோகஸ் ஏரியா, வேகமான பர்ஸ்ட். பறந்து போனப்புறம் விரலை விட்டா மறுபடி 1/250. ஐஎஸ்ஓவை ஆட்டோவுல வச்சுக்கோங்க, இல்லாட்டி 1/250ல சரியா இருந்த வெளிச்சம் 1/2000ல மூணு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது) இருட்டா வரும்.

இதைப் போய் மோட் டயல்ல இருக்குற சி1 சி2, யூ1 யூ2வோட குழப்பிக்காதீங்க. அது மொத்த கேமராவையே வேற ஆளா மாத்துறது, கல்யாண மண்டபத்துக்கு ஒண்ணு வெளியிடத்துக்கு ஒண்ணுன்னு வைக்கலாம், ஆனா பறவை பறக்குற நேரத்துல டயலைத் திருப்பிட்டு இருக்க முடியாது. அதுல கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: அந்த மோட்ல இருக்கும்போது நீங்க மாத்தினது சேவ் ஆகுமா, இல்ல கேமராவை ஆஃப் பண்ணா பழையபடி போயிடுமாங்கிறது. நிக்கான் யூ1ல திரும்ப சேவ் பண்ணாத வரைக்கும் பழையபடியே போயிடும், கேனான்லயும் ஃபூஜியோட புது பாடிகள்லயும் ஆட்டோ அப்டேட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஆன் ஆஃப் பண்ணிக்கலாம். ஆஃப்ல வைக்கிறதுதான் நல்லது, என்ன நோண்டினாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா தெரிஞ்ச இடத்துக்கே வந்துடலாம்.

குயிக் மெனு, வீடியோ, பிளேபேக்

குயிக் மெனுவுல 12 கட்டம் இருக்குன்னு 12ஐயும் நிரப்பணும்னு இல்ல. முதல் வரிசையில நிஜமா தொடுறதை வைங்க, பட்டன்ல ஏற்கெனவே இருக்குறதை இங்கேயிருந்து எடுத்துடுங்க. ஒரே மாதிரி விஷயம் பக்கத்துல பக்கத்துல இருந்தா தேடுற நேரம் குறையும், ஃபோகஸ் சம்பந்தப்பட்டது ஒரு பக்கம், வெளிச்சம் சம்பந்தப்பட்டது இன்னொரு பக்கம்.

வீடியோவுக்கு பட்டன் செட்டிங் பல பாடியில தனியாத்தான் இருக்கும். போட்டோவுல மாத்தினது வீடியோவுல வராததுக்கு இதுதான் காரணம். ஃபோகஸ் பட்டனை ரெண்டுலயும் ஒரே இடத்துலதான் வைக்கணும், மத்ததுக்கு ஜீப்ரா (வெளிச்சம் ஓவரான இடத்துல கோடு காட்டுறது), பீக்கிங் (ஃபோகஸ் ஆன ஓரத்தைக் கலர்ல காட்டுறது), மைக் லெவல்னு வீடியோவுக்கு வேண்டியதைக் கொடுங்க.

பிளேபேக்ல ரெண்டே ரெண்டு மாத்துங்க. ஒண்ணு, ஒரே அமுக்குல ஃபோகஸ் வச்ச இடத்துக்கு 100 சதவீதம் ஜூம் ஆகுற மாதிரி. ஷார்ப்பா இருக்கான்னு பார்க்க ப்ளஸ் பட்டனை ஏழு தடவை தட்டிட்டு இருக்க வேண்டாம். இன்னொண்ணு ரேட்டிங், இல்லாட்டி புரொடெக்ட் (படம் தெரியாம அழியாம பூட்டுறது). நல்ல படத்துக்கு அங்கேயே ஸ்டார் போட்டுட்டா பல எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அந்த ஸ்டார் அப்படியே வரும், ஆயிரம் படத்துல தேடுற வேலை பாதி மிச்சம்.

கையைப் பழக்குறது

ஒரே நாள்ல எட்டு பட்டனையும் மாத்தாதீங்க. ஒண்ணு மாத்துங்க, அது கைக்கு வந்தப்புறம் அடுத்தது. பைக் ஓட்டுறவங்க கிளட்ச் எங்க இருக்குன்னு குனிஞ்சு பார்க்குறதில்ல, அந்த அளவுக்கு வரணும். சாயங்காலம் சும்மா உக்காந்திருக்குறப்ப கேமராவைக் கண்ணுல வச்சு, இன்னொரு கண்ணையும் மூடிக்கிட்டு, “ஐஎஸ்ஓ”ன்னு மனசுல சொல்லி விரலை வைங்க, கண்ணைத் திறந்து பாருங்க. பக்கத்துப் பட்டன்ல விரல் போய் நின்னா, ரெண்டு பட்டனும் ஒரே உயரத்துல வழவழன்னு இருக்குன்னு அர்த்தம்; அதுல ஒண்ணு மேல ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டிட்டா தடவியே கண்டுபிடிக்கலாம். குளிர்ல கையுறை போட்டு எடுக்குறவங்களுக்கும் அந்த ஸ்டிக்கர் உதவும்.

மாத்தின பட்டனை ஒரு மாசம் கழிச்சு திரும்பப் பாருங்க. அமுக்கவே இல்லைன்னா எடுத்துட்டு வேறது வைங்க.

அமுக்கினா ஒண்ணும் நடக்கலைன்னா

கேமரா கெட்டுப்போச்சுன்னு நினைக்க வேண்டாம், வழக்கமா காரணம் சின்னதாத்தான் இருக்கும். மோட் டயல் ஃபுல் ஆட்டோவுல இருந்தா நிறைய பட்டன் வேலை செய்யாது, பி, ஏ, எஸ், எம் எதுலயாவது வச்சுப் பாருங்க. லென்ஸ்ல இருக்குற சுவிட்ச் எம்எஃப்ல இருந்தா ஏஎஃப்-ஆனை என்ன அமுக்கினாலும் ஃபோகஸ் ஆகாது, பையில இருந்து எடுக்குறப்ப அந்த சுவிட்ச் நகர்றது சகஜம். மெனுவுல பேர் மங்கலா தெரிஞ்சா அந்த செட்டிங்கோட சண்டை போடுற இன்னொண்ணு ஆன்ல இருக்குன்னு அர்த்தம், சைலண்ட் ஷட்டர் ஆன்ல இருக்குறப்ப ஃபிளாஷ் செட்டிங் மங்குற மாதிரி. அந்த மங்கலான வரியிலேயே ஓகே அமுக்கினா பல கேமரா காரணத்தையும் சொல்லிடும்.

எல்லாம் மனசுக்குப் பிடிச்ச மாதிரி அமைஞ்சப்புறம் செட்டிங்ஸை மெமரி கார்டுல சேவ் பண்ணி, அந்த ஃபைலை கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணிடுங்க, ஏன்னா கார்டை ஃபார்மட் பண்ணா அதுவும் சேர்ந்து போயிடும். சர்வீஸுக்குக் கொடுத்தா ரீசெட் ஆகி வரலாம், ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு அப்புறமும் சில சமயம் மாறும், அப்ப இந்த ஃபைலை லோட் பண்ணா போதும். ஆனா பொதுவா அதே மாடலுக்குத்தான் அது போகும், வேற மாடல் பாடி வாங்கினா கையாலதான் செட் பண்ணணும். ரெண்டு பாடி வச்சு எடுக்குறவங்க முதல்ல ஏஎஃப்-ஆனையும் ஐஎஸ்ஓவையும் ரெண்டுலயும் ஒரே விரலுக்கு வர்ற மாதிரி பண்ணிடுங்க, மத்தது வேற வேறயா இருந்தாலும் சமாளிச்சுக்கலாம்.

பேக் பட்டன் ஃபோகஸ் வச்சிருக்குற கேமராவை “எங்களை ஒரு படம் எடுங்களேன்”னு வேற யார்கிட்டயாவது கொடுக்குறப்ப, அவங்க ஷட்டரை மட்டும்தான் அமுக்குவாங்க. அதுக்காகவே மோட் டயல்ல ஒரு இடத்தை ஒதுக்கி வச்சுடுங்க. ஷட்டர்லயே ஃபோகஸ் இருக்குற ஃபுல் ஆட்டோ உங்க பாடியில இருந்தா அதுவே போதும், எதுக்கும் ஒரு தடவை நீங்களே அதுல வச்சு அமுக்கிப் பார்த்துட்டு அப்புறம் கொடுங்க.